தெருமுனைச் சத்தம்

மெக்கானிக் பின்சக்கரத்தைப் பிடித்து ஆட்டினார். விழப்போகும் பல்லைப் போல அது ஆடியது.

“பேரிங் சுத்தமா போயிடுச்சு தம்பி. இத வெச்சுக்கிட்டு எப்படி ஓட்டினீங்க?”

“அண்ணன்தான் மாத்த வேணாம்னு சொல்லிட்டே இருந்தாரு.”

மூன்று வருடமாக இரண்டு காலும் விளங்காத அண்ணன். வாரம் இருமுறை அவரைத் தூக்கி வண்டியில் வைத்து, துண்டால் தன் இடுப்போடு கட்டிக்கொண்டு சிகிச்சைக்குப் போவது தம்பிதான். அவருக்காகவே வெளியூரில் கிடைத்த நல்ல வேலையையும் உதறியிருந்தான்.

“தெருமுனையில உன் வண்டி கரகரன்னு கத்தினாத்தான்டா எனக்கு உயிரே வருது” என்பார் அண்ணன். அதற்காகவே தம்பியும் மாற்றாமல் தள்ளிப்போட்டு வந்தான்.

மெக்கானிக் பழைய பேரிங் இரண்டையும் தட்டி எடுத்துவிட்டுப் புதியவற்றை இறக்கினார்.

சத்தம் போய்விட்டதா என்று பார்க்க, தம்பி தெருமுனையிலேயே என்ஜினை அணைத்து, இறக்கத்தில் வண்டியை உருளவிட்டான். மூச்சுக் காட்டாமல் அது வீட்டு வாசலில் வந்து நின்றது.

உள்ளே அம்மாவின் குரல் கேட்டது. “சீக்கிரம் மாட்டிட்டு இறங்குடா, அவன் வர்ற நேரம்.”

முக்காலி மேல் நுனிக்காலில் நின்று பல்பு மாட்டிக்கொண்டிருந்தார் அண்ணன்.

“எதுக்கும்மா பதறுறே? தெருமுனையில அவன் வண்டி கத்தும்ல? அப்போ போய் உட்கார்ந்துக்கறேன்.”

அண்ணனிடம் காட்டக் கொண்டுவந்த பழைய பேரிங்குகளை, காலியாக நின்ற சக்கர நாற்காலியில் வைத்தான் தம்பி.

“மாத்திட்டேண்ணா.”