ஜீப்பின் பின்படி

ஊர்ப் பெண்களை ஏற்றிக்கொண்டு மாலை வகுப்புக்குக் கிளம்பும்போது தரகர் ஜெயசீலன் மறுபடியும் வந்தார். எங்கள் ஜீப்பின் விலை நேற்றைவிட ஏறியிருப்பதைக் கைப்பேசியில் காட்டினார். இந்த வகை ஜீப்பைச் செய்வதை நிறுத்தி வெகுகாலம் ஆகிறது. புதிய வண்டிகள் தாமாக ஓடும். தார் ரோடு முடிந்ததும் தாமாகவே நின்றுவிடும். எங்கள் ஊர் அதற்கும் மேலே, மலையில் இருக்கிறது.

"பட்டணத்துல கண்ணாடி ரூம்ல வெச்சுப் பார்ப்பாங்கம்மா. வண்டி கம்பெனியில வந்தபடியே இருக்கணும், அவ்வளவுதான். டவுன்ல வீடே வாங்கலாம்."

"அப்புறம் இவங்களை யாரு ஏத்திட்டுப் போவா? நீங்க தூக்கிட்டுப் போவீங்களா?" என்றாள் என் அக்கா பொன்னுருவி. ஜீப்பை ஓட்டுபவள் அவள்தான். முட்டிவலிக்காரி சடைச்சியை வகுப்புப் பெண்கள் இருவர் தூக்கிப் பின்னால் ஏற்றப் பார்த்தார்கள்.

விற்றுவிடலாம் என்றே எனக்குத் தோன்றியது. சொல்லத்தான் பயம்.

அக்கா வெல்டிங் மிஷினை இழுத்து வந்தாள். பின்பக்கத் தகட்டை அறுத்து, இரும்புப் படி ஒன்றைப் பற்றவைத்தாள்.

"ஐயோ, ஒரிஜினல் பாடிம்மா!" தரகர் பதறிப்போய்க் கைப்பேசியை வண்டிப் பக்கம் திருப்பினார். திரையில் விலை பாதிக்கும் கீழே இறங்கியது.

"இனிமே யாரும் கேட்டு வர மாட்டீங்கல்ல?" என்றாள் அக்கா.

சடைச்சி யார் கையையும் பிடிக்காமல் ஏறினாள். அக்கா செய்தது சரியா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அக்கா தண்ணீர் ஊற்றியும் படியின் சூடு முழுதாக ஆறவில்லை. அதில் கால் வைத்துத்தான் நானும் ஏறினேன்.