மூன்றை அரையால் வகுத்தால்

“வகுத்தா குறையணும்ல, டீச்சர்? எப்படிக் கூடுது?”

கடைசி பெஞ்சிலிருந்து கை தூக்கிய மாணவருக்கு வயது நாற்பத்தெட்டு.

வகுப்பு சிரித்தது. வகுப்பு என்றால் ஒன்பது பேர். வங்கி வேலையை விட்டு வந்தவர், கப்பலிலிருந்து இறங்கி வந்தவர், மூன்று பிள்ளைகளை வளர்த்து முடித்துவிட்டு வந்தவர். எல்லோரும் என்னைப் போல ஆசிரியர் பயிற்சிக்குச் சேர்ந்தவர்கள். ஒருவர் ஆறு நிமிடம் பாடம் நடத்துவார். மற்றவர்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளாக உட்கார்ந்திருப்போம். யாருக்கு என்ன வேஷம் என்று பயிற்சி தரும் மேடம் காலையிலேயே தனித்தனியாகச் சொல்லிவிடுவார்.

கை தூக்கியவர் பத்திரிகையில் இருபத்திரண்டு வருடம் பிழை திருத்தியவர். புரூஃப் அண்ணன் என்போம். மக்குப் பையனாக நடிப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் கணக்குப் பாடத்தில் மட்டும்தான் நடிப்பார். மொழிப் பாடத்தில் வாய் திறக்க மாட்டார்.

“அண்ணே, போதும்ணே. பாவம், அவங்களுக்கு இது மூணாவது தடவை” என்று வங்கி அக்கா கிசுகிசுத்தார்.

எனக்கு மூன்றாவது தடவைதான். முதல் இரண்டிலும் பாடம் முடிவதற்குள் மணி அடித்துவிட்டது. இன்றும் அப்படியானால் இந்த வருடம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்த அனுப்ப மாட்டார்கள். மருந்துக்கடை வேலையை விட்டு ஏழு மாதமாகிறது. “நாப்பத்தொரு வயசுல உனக்கு என்னடி கிறுக்கு?” என்று என் கூடப்பிறந்த அக்கா இன்னும் போனில் கேட்கிறாள்.

ஜன்னலோரம் மேடம். மடியில் மதிப்பீட்டுத் தாள். கையில் ஸ்டாப்வாட்ச்.

கரும்பலகையில் 3 ÷ ½ = 6 என்று எழுதியிருந்தேன். பின்னத்தைத் தலைகீழாக்கிப் பெருக்கு. அவ்வளவுதான். அடுத்து இரண்டு கணக்கு, பிறகு தொகுப்பு, பிறகு வீட்டுப்பாடம். என் திட்டத்தில் அந்தக் கேள்விக்கு இடமில்லை.

ஏன் தலைகீழாக்க வேண்டும்?

எனக்குத் தெரியாது. பத்து வயதில் யாரிடமும் கேட்கவில்லை. தலைகீழாக்கியே பட்டம் வரைக்கும் வந்துவிட்டேன்.

“அப்புறம் சொல்றேன், உக்காருப்பா” என்று சொல்லியிருந்தால் தப்பித்திருப்பேன். இன்னும் இரண்டரை நிமிடம் இருந்தது.

அவர் கையை இறக்கவில்லை.

அப்போதுதான் என் வாய், பதினெட்டு வருடம் கவுண்டரில் நின்ற பழக்கத்தில், தானாகச் சொன்னது. “மூணு மாத்திரை இருக்கு. வேளைக்கு அரை. எத்தனை வேளைக்கு வரும்?”

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. இதே கணக்கைத்தான் ஆயிரக்கணக்கானவர்களுக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அதற்கு வகுத்தல் என்று பெயர் என்பது தெரியாமல்.

மூன்று சாக்பீஸை எடுத்துக்கொண்டு கடைசி பெஞ்சுக்குப் போனேன். அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

ஒன்றை உடைத்தார். டக்.

இரண்டாவதை. மூன்றாவதை.

துண்டுகளை மேசையில் வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றையும் விரலால் தொட்டார். உதடு எண்ணியது. ஆறு. பலகையைப் பார்த்தார். மறுபடி துண்டுகளைப் பார்த்தார்.

மருந்து வேலை செய்வதை நான் பார்த்ததே இல்லை. வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். குணமானவர்கள் திரும்பி வருவதில்லை.

இது என் கண்ணெதிரே நடந்தது. முதலில் மூச்சு நின்றது. பிறகு புருவம் மெல்ல மேலேறியது. பிறகு அந்த நரைத்த முகத்தில், எங்கிருந்தோ, பத்து வயதுப் பையன் ஒருவன் வந்து நின்றான்.

“மூணுக்குள்ள எத்தனை அரை இருக்குன்னா கேக்குது?” என்றார். “இத்தனை வருஷமா இதைத்தான் கேட்டுக்கிட்டிருந்துச்சா?”

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

மணி அடித்தது.

கப்பல்காரர்தான் முதலில் எழுந்தார். “என்னா நடிப்புடா சாமி!” என்று கை தட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். என் பக்கம் யாரும் பார்க்கவில்லை. பரிதாபப்பட்டார்கள் போல. எல்லோரும் டீ குடிக்கக் கிளம்பினார்கள்.

புரூஃப் அண்ணன் எழவில்லை. அரைகளைக் கால்களாக உடைத்துக்கொண்டிருந்தார்.

மேடத்தின் முன் போய் நின்றேன். தாள் தலைகீழாகத் தெரிந்தது. நேரம்: பூஜ்யம். தொகுப்பு: பூஜ்யம். வீட்டுப்பாடம்: பூஜ்யம்.

“மன்னிச்சிருங்க மேடம். அவர் மக்குப் பையனா கேட்டதுக்கு நான் நிஜமாவே பதில் சொல்லப் போயிட்டேன்.”

மேடம் கடைசி பெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். குரலைத் தாழ்த்தினார்.

“இன்னிக்குக் காலையில அவருக்கு நான் குடுத்தது ஃபர்ஸ்ட் ரேங்க் பையன் வேஷம்மா.”

டக் என்று ஒரு சத்தம். இன்னொன்று.

பள்ளிக்கு அனுப்பலாம் என்ற இடத்தில் மேடம் கையெழுத்துப் போட்டார். பிறகு தாளின் தலைப்புக்குப் போனார். மாணவர் எண்ணிக்கை என்று அங்கே ஒரு கட்டம் உண்டு. பயிற்சி வகுப்பில் நிஜ மாணவர்கள் கிடையாது என்பதால் அதில் எப்போதும் ஒரு கோடு போட்டுவிடுவார்கள்.

போட்டிருந்த கோட்டை அடித்துவிட்டு, ‘ஒன்று’ என்று எழுதினார்.