பன்னிரண்டாவது சண்டை

"ஜெஸ்டன், அந்தத் தோல் வாரைக் கொஞ்சம் இப்படிக் குடு."

கேட்டதும் கொடுத்திருந்தால் விட்டிருப்பேன். அவன் வாரை மடியில் இழுத்துக்கொண்டு, "ஆட்டம் முடியட்டும் பெரிம்மா, அளவெல்லாம் எதுக்கு இப்ப?" என்றான். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

காவேரிப்பாக்கத்தில் இருபது வருஷமாகத் தையல் கிளாஸ் நடத்துகிறேன். அளவு விஷயத்தில் என் கண்ணில் மண்ணைத் தூவ முடியுமா?

சர்ச் முடிந்து பாகாயத்தில் இருக்கும் என் தங்கை ஆக்னஸ் வீட்டுக்குச் சாப்பிடலாம் என்று வந்தால், மேஜையில் தட்டு வைக்க இடமில்லை. கட்டம் போட்ட பெட்ஷீட்டை விரித்து, ஷூ டப்பாக்களை மலை மாதிரி அடுக்கி, விரல் உயரப் பொம்மைகளை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். ஒரு பக்கம் குள்ளர் படை, எதிர்ப்பக்கம் பூதப் படை, நடுவில் இறக்கை ஒடிந்த டிராகன் ஒன்று. ஆக்னஸ் நர்ஸ். அவளோடு வேலை பார்த்த வெளிநாட்டு டாக்டர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போன பெட்டியாம்.

ஆடுவதும் சின்னப் பிள்ளைகள் இல்லை. ஜெஸ்டனுக்கு இருபத்தாறு வயசு. ஆம்பூர் ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் வேலை. அவன் தங்கை ரெனிட்டாவுக்குப் பதினெட்டு. பிளஸ் டூவில் கணக்கில் ஃபெயில்.

"இன்னாடி இது கூத்து?" என்று ஆக்னஸைக் கேட்டேன்.

"பந்தயம்க்கா. வாரம் ஒண்ணுன்னு பன்னிரண்டு சண்டை, ஜெயிச்சா ஒரு கோட்டை. இவ ஜாஸ்தி கோட்டை பிடிச்சா அக்டோபர் பரீட்சை எழுதுவா. அவன் பிடிச்சா, படிப்பை விட்டுட்டு அவன் கம்பெனிக்கே தையல் மிஷின்ல உக்காரப் போயிடுவா. ஒரு சண்டை யாருக்கும் இல்லாம போச்சு, மத்ததுல இதுவரைக்கும் ரெண்டு பேரும் சமம். இன்னிக்குத்தான் கடைசிச் சண்டை."

"படிப்பை வெச்சா பந்தயம் கட்டுவாங்க?"

"இன்னா பண்றது? பரீட்சைன்னு சொன்னாலே 'எனக்கு எதுவும் வராது'ன்னு போய்ப் படுத்துக்கறா. இந்தப் பந்தயத்துக்குத்தான் தலையாட்டுனா. நாளைக்கு ஃபாரம் குடுக்கக் கடைசி நாள்க்கா."

பொம்மைகள் இத்தனை அங்குலம்தான் நகரலாம் என்று கணக்கு. அதை அளக்க ஆளுக்கொரு கறுப்புத் தோல் வார். சில்வர் பேனாவால் அங்குலம் குறித்து ஜெஸ்டன் வெட்டிக் கொண்டுவந்தது. கொஞ்ச நேரம் பார்த்தேன். அவனுடைய பூதங்கள் ஒவ்வொரு தடவையும் ஒரு நூல் அதிகமாகவே நடந்தன. அதனால்தான் வாரைக் கேட்டேன்.

தரவில்லை என்றதும் நானே பிடுங்கி, கைப்பையிலிருந்த இஞ்சு டேப்பை வைத்துப் பார்த்தேன். பன்னிரண்டு என்று குறித்த இடத்தில் பதின்மூன்று அங்குலம் இருந்தது. ரெனிட்டாவின் வாரையும் அளந்தேன். அது சரியாகப் பன்னிரண்டு.

"கூடப் பிறந்தவளையே ஏமாத்தறியேடா, வெட்கமா இல்லை? தங்கச்சி படிச்சு மேல வந்துடுவாளேன்னா இந்தக் கள்ள அளவு?"

ஜெஸ்டன் முகம் செத்துப்போய்விட்டது. இரண்டு வாரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"விடுங்க பெரிம்மா," என்றாள் ரெனிட்டா. "இதை வெச்சே ஆடி முடிச்சிடறோம்."

"அவனுக்குப் பதின்மூணு, உனக்குப் பன்னிரண்டு. எப்படிடி ஜெயிப்பே?"

அவள் கட்டங்களை விரலால் எண்ணி எண்ணி, குள்ளர்களை ஒவ்வொருவராக மலைக்குப் பின்னால் கொண்டுபோனாள். பூதங்கள் வேக வேகமாக வந்து இரண்டு மலைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டன. பகடையை உருட்டினாள். கடைசிப் பூதமும் சாய்ந்தது. கோட்டை அவளுக்கு.

ஆக்னஸ் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் அவனைச் சும்மா விட மனசில்லை.

"தோல் வெட்டறதுதானே உன் பொழப்பு? ரெண்டு வாரை ஒரே அளவா வெட்டத் தெரியாதா?"

"ஒரே அளவாத்தான் வெட்டுனேன் பெரிம்மா. ஒண்ணு முதுகுத் தோல். அது நீளாது. இன்னொண்ணு வயித்துத் தோல். இழுத்தா நீண்டுடும். குறி போட்டதுக்கு அப்புறம் நல்லா இழுத்து விட்டேன்."

"அப்ப தெரிஞ்சேதான் பண்ணிருக்கே."

"தெரிஞ்சேதான்." அவன் என்னைப் பார்க்கவில்லை. தங்கையைப் பார்த்தான். "ஆனா அந்த வயித்துத் தோல் வாரை நான் உனக்குத்தானே ரெனி குடுத்தேன்? நீ ஜெயிக்கணும்னுதான் குடுத்தேன். ஆட்டத்துல விட்டுக் குடுத்தா நீ கண்டுபிடிச்சிடுவேன்னு, மத்தபடி ஒழுங்காத்தான் ஆடுனேன்."

டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டேன். வெட்கம் எனக்குத்தான் வந்தது.

ரெனிட்டா பொம்மைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"முதல் ஞாயித்துக்கிழமையே தெரிஞ்சுபோச்சுண்ணா. பெட்ஷீட்ல எல்லாக் கட்டமும் ஒரே அளவு. உன் வாரை வெச்சா ஆறு காட்டுது, என் வாரை வெச்சா அஞ்சரை காட்டுது."

"அப்ப ஏன் சொல்லலை?"

"சொன்னா நீ வேற ஏதாவது பண்ணுவே. அதான் நீ தண்ணி குடிக்க எழுந்து போனப்ப ரெண்டையும் மாத்தி வெச்சுட்டேன். பதினோரு வாரமா நீளமான வார் உன்கிட்டதான் இருக்கு," என்றாள். "சரி, அந்த ஃபாரத்தை எடு. கையெழுத்துப் போடறேன்."