பரனூர் தாண்டட்டும்

பீரோ மேலிருந்த பெட்டியைக் கனிமொழி இறக்கியதுமே வேம்புலியம்மாள் அறைவாசலுக்கு வந்து நின்றாள். மருமகள் புடவைகளை மடித்து அடுக்கினாள்.

"இன்னாம்மா, சனிக்கெயமையும் அதுவுமா பெட்டியெல்லாம் எறக்கினு கீறே?"

"சும்மாதான் அத்தே."

மகன் கிருபாகரன் ஆறு மணிக்கே காரை எடுத்துக்கொண்டு கிளம்பியிருந்தான். அம்பத்தூர் ஆபீசில் ஆடிட், வர நாளை ராத்திரியாகும் என்று மனைவியிடம் சொல்லியிருந்தான். அம்மாவின் காதில் மட்டும்தான் உண்மையைப் போட்டான். "மரக்காணம் பக்கம் கடலோரப் பண்ணைம்மா. பசங்களோட போறேன். அவகிட்ட மூச்சு விடாதே."

கடலோரப் பண்ணைக்கு ஒருமுறை கூட்டிப் போங்கள் என்று கனிமொழி ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். உப்புக் காற்றில் கார் துருப்பிடித்துவிடும் என்று தட்டிக்கழித்தவன் அவன்.

கனிமொழியின் செல்போன் டிங் என்றது.

"வரதராஜபுரம் டோல், ஏழு பத்து," என்று படித்தாள். "நம்ம காட்டுப்பாக்கத்துலேர்ந்து அம்பத்தூருக்கு அந்தப் பக்கமா அத்தே வழி?"

விஷயம் எளிமையானது. கார்க் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் பாஸ்டேக்கை டோல்கேட் கருவி படித்ததும், எந்த டோல், எத்தனை மணி என்று ஒரு செய்தி கிளம்பும். அது வண்டி ஓட்டுகிறவருக்குப் போகாது; டேக் வாங்கியபோது எந்த நம்பரைக் கொடுத்தோமோ அதற்குத்தான் போகும். கிருபாகரன் கொடுத்தது மனைவியின் நம்பர். அதை அவன் எப்போதோ மறந்துவிட்டான்.

"மிசினுதானேம்மா, தப்பா காட்டும். நம்ம கரண்டு மீட்டரு ஓடாத ஓட்டமா?"

"மிஷின் பொய் சொல்லாது அத்தே. மனுஷங்கதான்."

வேம்புலியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "போன் போட்டு நாலு கேள்வி நறுக்குனு கேளு. அத வுட்டுட்டு பொறந்த ஊட்டுக்கு மட்டும் பூடாதே கண்ணு."

"போனா? இப்ப வேணாம். அடுத்த டோல்கேட், பரனூர் தாண்டட்டும்."

ஆதாரம் சேர்க்கிறாள் என்று வேம்புலியம்மாளுக்குப் புரிந்தது. கனிமொழி பெட்டியின் ஓரத்தில் முட்டிவலித் தைலம் ஒன்றைச் செருகினாள். சம்பந்தியம்மாவுக்கு இருக்கும். அப்படியென்றால் போய்ச்சேரும் இடமும் முடிவாகிவிட்டது.

அதற்குமேல் வேம்புலியம்மாளால் தாங்க முடியவில்லை. "நான் சொல்லிடறேம்மா! ஆடிட்டும் இல்ல, ஒரு எழவும் இல்ல. கூட்டாளிங்களோட பண்ணைக்குத்தான் போயிகினு கீறான். தெரிஞ்சும் வாய மூடிகினு இருந்தது என் தப்பு. என்ன நாலு திட்டு திட்டு, ஊட்ட வுட்டு மட்டும் போவாத!"

கனிமொழி திடுக்கிடவே இல்லை. போன் மறுபடி டிங் என்றது.

"பரனூர், எட்டு பத்து," என்றவள் பெட்டியை ஜிப் போட்டு மூடினாள். கீழே கால் டாக்ஸி ஹாரன் அடித்தது.

வேம்புலியம்மாள் பெட்டியின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டியது.

"சார்ஜரை மறந்துட்டேன், பர்ஸை மறந்துட்டேன்னு பாதி வழியில திரும்பற ஆளு உங்க புள்ள. பரனூரே தாண்டியாச்சு, இனிமே வரமாட்டாரு," என்ற கனிமொழி, மாமியாரின் கையோடு சேர்த்தே பெட்டியைத் தூக்கினாள். முதல் முறையாகச் சிரித்தாள். "அவர் தெக்கேதான் போறாரான்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

"ஏம்மா?"

"வடக்கே பழவேற்காட்டுப் பண்ணையில நம்ம ரெண்டு பேருக்கும் ரூம் போட்டிருக்கேன் அத்தே, செருப்ப மாட்டுங்க!"