ஒட்டுக்குக் கீழே

போதகர் ஒலிவ மரத்தைப் பிழையாக ஒட்டிக்கொண்டிருந்தார்.

வட்டக்கச்சித் தேவாலயத்தில் அன்று முதற்பலன் ஞாயிறு. பீடத்தடியில் சிறுபோக நெல், பூசணி, வாழைக்குலை, காலைக் கட்டிய ஒரு சேவல். எல்லாவற்றுக்கும் நடுவில், சுமித்திராவின் மாமி கொண்டுவந்து வைத்த கறுத்தக்கொழும்பான் மாம்பழம், ஓலைப்பெட்டி நிறைய.

காட்டு ஒலிவத்தின் கிளையை வெட்டி, நல்ல ஒலிவ மரத்தில் ஒட்டினாராம் தேவன். அப்படித்தான் புறஜாதியாருக்கும் இடம் கிடைத்ததாம். போதகர் நல்ல மனிதர். ஒருவரையும் பார்த்துச் சொல்லவில்லை. சபைதான் திரும்பி மூன்றாம் வரிசை வாங்கில் இருந்த சுமித்திராவைப் பார்த்தது.

பார்க்காமல் என்ன செய்யும்? மலைநாட்டிலிருந்து வந்து ஓமந்தையில் காடு வெட்டிக் குடியேறிய குடும்பத்து ஆண்டியப்பனின் மகள். அம்மன் கோயிலில் கற்பூரம் கொளுத்தி வளர்ந்தவள். சுகிர்தனை விரும்பிக் கட்டி ஏழு வருடம் கழித்து, போன மாதம்தான் ஞானஸ்நானம் எடுத்தாள். காட்டுக் கிளை என்றால் அங்கே அவளைத் தவிர வேறு யார்?

சுமித்திராவுக்குச் சிரிப்பு வந்தது. அவள் கன்றுப் பண்ணையில் ஒட்டுக் கட்டுகிறவள். அந்தச் சபையில் பாதிப்பேரின் வளவில் நிற்கும் மாமரம் அவள் கைபட்டது. எந்தப் பைத்தியமாவது நல்ல மரத்தில் காட்டுக் கொப்பை ஒட்டுமா? அடிதான் காட்டுக்கன்றாக இருக்க வேண்டும். அதன் வேர்தான் ஆழம் போகும். கோடைக்கும் கறையானுக்கும் தாக்குப்பிடிக்கும்.

அது இயற்கைக்கு மாறான வேலை என்று, வேதத்தில் அந்த உவமையை எழுதிய பவுலே சொல்லி வைத்திருப்பது அவளுக்குத் தெரியாது.

பக்கத்தில் மாமி ஞானமலர், சுகிர்தனின் தாய், நிமிர்ந்து இருந்தார். இந்த ஏழு வருடமும் அவளை ‘மகன்ரை மனுசி’ என்றே ஊருக்குச் சொல்லி வந்தவர். ஒருநாளாவது அவர் வாயால் மருமகள் என்று கேட்டுவிட வேண்டும் என்பது சுமித்திராவின் ஆசை. ஞானஸ்நானத்தன்றும் அந்தச் சொல் வரவில்லை.

மாமியின் பெருமை எல்லாம் அந்த மாமரம்தான். செத்துப்போன மாமா சாவகச்சேரியிலிருந்து கொண்டுவந்து வைத்தது. கறையான் தின்று அது பட்டுப்போன வருடம், மாமி மகளின் பிள்ளைப்பேற்றுக்கு யாழ்ப்பாணம் போயிருந்தார். கடைசியாகப் பச்சை நின்ற ஒரு கொப்பை வெட்டி, தன் தகப்பன் வீட்டு வேலியோரத்துக் காட்டு மாங்கொட்டையில் முளைத்த கன்றில் சுமித்திரா ஒட்டினாள். ஒட்டுப் பிடித்ததும், பட்ட அடிமரத்தோடு அணைத்து நட்டு, ஒட்டு முடிச்சு மறைய மண் போட்டாள்.

மாமி திரும்பி வந்தார். தளிரைக் கண்டார். சுமித்திரா வாய் திறக்குமுன் அந்த இடத்திலேயே முழங்காலில் விழுந்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு சபைக்கு முன் எழுந்து சாட்சி சொன்னார்.

“அடியோட செத்த மரம். கர்த்தர் ஒருக்கா ஊதினார், துளிர்த்திட்டுது!”

வெட்டுண்ட மரத்துக்கும் நம்பிக்கை உண்டு என்று வேதத்தில் யோபு சொன்னது வட்டக்கச்சியில் நிறைவேறிவிட்டதாகச் சபையே எழுந்து பாடியது. பாட்டுக்கு நடுவே போய், ‘இல்லை, அது நான்’ என்று எப்படிச் சொல்வது?

சொல்லவில்லை. ஒட்டுக்குக் கீழே முளைக்கும் காட்டுத் தளிர்களை, மாமி எழும்புமுன் கிள்ளி எறிந்து வந்தாள். விட்டால் வேறு சாதி இலை விரிந்து குட்டு வெளிப்பட்டுவிடும். போன மாசியில் டெங்கு வந்து பத்து நாள் படுத்தபோதும் அவளுக்கு அதே கவலைதான். எழும்பிப் போய்ப் பார்த்தால் அங்கே ஒரு தளிர் இல்லை. ஆடு தின்றிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

இந்த வருடம்தான் மரம் முதன்முதலாகக் காய்த்தது.

பிரசங்கம் முடிகிற இடத்துக்கு வந்தது. ஒட்டிய கிளை பெருமை பேசக்கூடாது, அது வேரைத் தாங்கவில்லை, வேர்தான் அதைத் தாங்குகிறது என்றார் போதகர். மறுபடியும் தலைகள் திரும்பின.

இந்த முறை சுமித்திராவுக்குச் சிரிப்பு வரவில்லை, நெஞ்சு கொதித்தது. அங்கே இலையான் மொய்க்க மணத்துக்கொண்டிருக்கும் பழங்களை யாருடைய வேர் தாங்கியது என்று எழும்பிக் கேட்க ஒரு நிமிடம் போதும். கேட்டால் சபை வாயடைத்துப் போகும். ஆனால் பொய்ச்சாட்சி சொன்னவர் என்ற பெயரோடு மாமியால் இனி இந்த வாங்கில் இருக்க முடியாது.

அவள் எழும்பவில்லை. எனக்குத் தெரிந்தால் போதும் என்று கழுத்தை நிமிர்த்திக்கொண்டாள்.

பிறகு வழக்கம்போலச் சபைச் செயலாளர் இளையதம்பி, ஒவ்வொரு காணிக்கையிலும் செருகியிருந்த துண்டை எடுத்து வாசித்தார். நெல் இன்னார் வீட்டது, சேவல் இன்னார் வீட்டது என்று போய்க்கொண்டிருந்தது. மாம்பழப் பெட்டியின் துண்டை எடுத்தவர் நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்துவிட்டு, உரக்க வாசித்தார்.

மாமியின் கையெழுத்துத்தான். காலையில் பெட்டி அடுக்கும்போதே எழுதிச் செருகியது.

‘இந்த மரம் தானாகத் துளிர்த்தது அல்ல. நான் சொன்ன சாட்சி பிழை. என் மருமகள் சுமித்திரா ஒட்டியது. வேர் அவளுடையது.’

பீடத்தடியில் சேவல் செட்டையடித்தது.

மாசியில் அந்தத் தளிர்களைத் தின்றது ஆடு இல்லை என்று சுமித்திராவுக்கு அப்போதுதான் விளங்கியது. வாய் பிளந்தபடி மாமியைத் திரும்பிப் பார்த்தாள். பிழையை ஊருக்கு முன் ஒப்புக்கொண்ட மனுசியின் தலை கொஞ்சமும் குனியவில்லை.

மாமி பீடத்தைப் பார்த்தபடியே, நாலு வாங்குக்குக் கேட்கச் சொன்னார்.

“வாயை மூடு பிள்ளை, இலையான் போகப்போகுது.”