முழு நிவாரணம்

1974இல் செங்கல்பட்டில் டாக்டர் கோதண்டராமன் புதிய வலி மாத்திரை ஒன்றை ஆண்களுக்கு மட்டும் கொடுத்துச் சோதித்து வந்தார். அச்சரப்பாக்கத்திலிருந்து வாரம் தவறாமல் வந்தார் ஹயாத் பாஷா.

“முதுகுவலி எப்படி இருக்கு, பாய்?”

“கொறையல டாக்டர். பொரண்டு படுக்க முடியல, ஒரே கதறல்.”

டாக்டர் மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தார்.

ஏழாவது வாரம் பாஷா, “வலி நின்னுபோச்சு” என்றார்.

“மருந்து வேலை செஞ்சுடுச்சே!” டாக்டர் உற்சாகமாக ‘முழு நிவாரணம்’ என்று எழுதினார்.

“அப்பிடி எழுதாதீங்க டாக்டர். அத நம்பி நாலு பேருக்குக் குடுத்துடப் போறீங்க. எனக்கு வலியே கெடையாது.” பாஷா அந்த வரியின்மேல் கை வைத்தார். “பொம்பளைங்களுக்குக் குடுக்க மாட்டீங்களேன்னு எனக்கு வலின்னு பொய் சொல்லி, என் சம்சாரம் சைதூனுக்குத்தான் வாங்கிகினு போனேன்.”

டாக்டரின் பேனா நின்றது. “அவங்க வலி நின்னுடுச்சுன்னுதானே சொன்னீங்க?”

“நேத்து அடக்கம் பண்ணிட்டோம்.”