சீர் வண்டி

“பெட்ரோல்ல எண்ணெய் கலக்க மறந்துட்டேங்கப்பா. தப்பு என்னோடதுதான்,” என்று தலைகுனிந்து நின்றான் சண்முகராஜா.

அவன் தந்தை பெரியதம்பி, இலங்கையின் உடப்புசல்லாவையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர்களை மேய்க்கும் பெரிய கங்காணி. மகன் இப்போது அதே தோட்டத்தில் கணக்கெழுதும் கிளாக்கர். ஹட்டன் பஜாரில், சம்பந்தி நாகலிங்கத்தின் கடைக்குப் பின்னால், எஞ்சின் இறுகிப்போய் நின்ற மோட்டார் சைக்கிளைப் பெரியதம்பி இரண்டு முறை சுற்றி வந்தார். 1936 தை மாதக் கல்யாணத்துக்குச் சீராக வந்த வண்டி. வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

“அரைப் போத்தல் எண்ணெய் ஊத்தத் தெரியாதவனுக்கு வண்டி ஒரு கேடா? சம்பந்தி, கராஜ்காரன வரச் சொல்லுங்க. எஞ்சினப் பிரிச்சுப் பாத்துச் சொல்லட்டும்.”

நாகலிங்கம் குறுக்கே வந்தார். “வெளியாள் எதுக்குங்க? அவன் காலையில பிரிச்சா சாயங்காலம் ஊரே பேசும். நானே பிரிச்சுப் பாத்துக்கிறேன்.”

“நீங்களா! கருவாடும் பருப்பும் நிறுக்கிற கைங்க அது.”

“நான் பிரிக்கிறேங்கப்பா,” என்றான் சண்முகராஜா. “புத்தகம் இருக்கு.”

“இவரு வேற! மூணு வருஷம் திம்புள்ளையில தொரைகிட்ட பேனா புடிச்ச கை, இப்ப ஸ்பேனர் புடிக்குமாம். மாமனார் வீட்டுல மாப்பிள்ள கரியப் பூசிக்கிட்டு உக்காந்தா நாலு பேரு என்னடா சொல்லுவாங்க?”

வேறொரு நாளாக இருந்தால் அதை நாகலிங்கமே சொல்லியிருப்பார். மாப்பிள்ளையைத் தரையில் உட்கார வைத்து வேலை வாங்கிய குடும்பமல்ல அவருடையது. ஆனால் கராஜ்காரனைவிட மாப்பிள்ளை மேல்.

“மாப்பிள்ள ஆசப்படுறாரு. கதவச் சாத்திக்கிட்டுப் பாக்கட்டுமே,” என்றார். சம்பந்தியின் முகத்தை அவர் பார்க்கவில்லை.

“மத்தியானம் வரைக்கும் பாருங்க. முடியலேன்னா கராஜ்தான்,” என்று சொல்லிவிட்டுப் பெரியதம்பி முன்பக்கம் போனார்.

கல்யாணப் பந்தலில் ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு, “சீமையிலருந்து நேரா எறங்குன புது வண்டி” என்று முழங்கியவர் நாகலிங்கம். உண்மையில் அது, சீமைக்குத் திரும்பிய ஏதோ ஒரு துரை விட்டுப்போன பழைய வண்டி. கண்டித் தரகர் புதுச் சாயம் பூசிக் கொடுத்தார். பெற்ற மகளிடம்கூட அவர் அதைச் சொல்லவில்லை.

பெரியதம்பியின் அண்ணன் வீட்டிலும் ஒரு சீர் விவகாரம் நடந்திருந்தது. போட்டு வந்த அட்டிகை முலாம் பூசியது என்று தெரிந்த அன்றைக்கே மருமகளை ரயிலேற்றிவிட்டார்கள். அந்தப் பெண் இன்றும் றொசல்லையில் தாய்வீட்டில்தான் இருக்கிறாள். இங்கே சமையலறையில் நாகலிங்கத்தின் மகள் ஜெயலெட்சுமி, மாமனாருக்குத் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

சண்முகராஜா சாக்கை விரித்து உட்கார்ந்தான். புத்தகம் பெட்டிமேல் மூடியே கிடந்தது. சிலிண்டரைப் பிடித்திருந்த நாலு நட்டுகளில் மூன்று வெளியே தெரிந்தன. நாலாவது புகைக்குழாய்க்குப் பின்னால் ஒளிந்திருந்தது. அவன் கை தேடாமலே அங்கே போனது.

சிலிண்டர் கழன்று வந்தது. பிஸ்டன் தலையில் கரி தடித்து அப்பியிருந்தது. சிலிண்டரின் உட்சுவரில் பழைய கீறல்கள். தேய்ந்துபோன வளையம் ஒன்று உடைந்து சிக்கியிருந்தது. இரண்டு மாத வண்டிக்குள் இத்தனை கிழத்தனம் வராது என்பது கருவாட்டுக் கடைக்காரருக்கும் புரிந்தது.

கழற்றி வைத்த பெட்ரோல் குழாயிலிருந்து ஒரு சொட்டு நாகலிங்கத்தின் விரலில் விழுந்தது. பெட்ரோல் காய்ந்த பிறகும் விரலில் பிசுபிசுப்பு போகவில்லை. அவர் தேய்த்துப் பார்த்தார். மறுபடியும் தேய்த்தார்.

“எண்ணெய்தான் கலந்திருக்கே மாப்பிள்ள! அப்புறம் எதுக்குப் பழிய உங்க தலையில போட்டுக்கிட்டீங்க?”

சண்முகராஜா சாத்திய கதவைப் பார்த்தான். அதற்கு அப்பால் பெரியதம்பி செருமுவது கேட்டது.

நாகலிங்கம் எழுந்தார். கோயிலில் சாமி முன்னால் தவிர வேறெங்கும் தோளைவிட்டு இறங்காத துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

“ஒங்கப்பா ஒங்கள ஏசுனப்போ நான் வாயத் தொறக்காம நின்னேன். எம்மகள நெனச்சு நின்னேன். இதுக்கு மேல முடியலீங்க.” வண்டியைக் கைகாட்டினார். “இது புது வண்டி இல்ல மாப்பிள்ள. நான் ஒங்கள ஏமாத்திட்டேன்.”

சண்முகராஜா பதறி எழுந்தான். மாமனாரின் கையைப் பிடிக்கப் போனவன், தன் கையிலிருந்த கரியைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

“துண்டத் தோள்ல போடுங்க மாமா,” என்றான் தணிந்த குரலில். “திம்புள்ளையில தொரைகிட்ட இருந்தப்போ, போன தடவ இந்த எஞ்சினப் பிரிச்சு மாட்டுனதே நாந்தான்.”